தினேஷ் வந்தா லைன் வரும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் போன். எடுத்து, ஓனர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, "வணக்கம், சொல்லுங்க சார்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "காலையிலேர்ந்து லைன் இல்லம்மா" என்றார். நான் பதறிப்போய், "இல்லையே சார், நீங்க பேசறது நல்லாக் கேக்குதே" என்றேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "பக்கத்துல வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

கேபிள் டி.வி.யில் ஆரம்பித்து இப்போது ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. இருப்பது தாம்பரத்தில். கம்ப்ளெயின்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து போன் எடுப்பது என் வேலை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தினவள் நான். மற்றதெல்லாம் போனில் திட்டு வாங்கிப் படித்ததுதான். இந்த நாற்காலிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் திட்டில் பாதியாவது குறையட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை, ஊரெல்லாம் வேலை

லைன் என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே எங்கள் ஏரியா ஜனங்கள் குடித்தனம் நடத்திவிடுவார்கள். "லைனுக்கு அந்தப் பக்கம் வாங்க" என்றால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். "லைன் வீட்ல கடைசி" என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டின வாடகை வீடுகள். "லைன் போயிடுச்சு" என்றால் கரன்ட்டாக இருக்கலாம், நெட்டாக இருக்கலாம். ஃபேன் ஓடுதா என்று கேட்டால் தெரிந்துவிடும். பிஸ்கட் கம்பெனி சேல்ஸ்மேன் ஒருவர் எப்போது கூப்பிட்டாலும் "லைனுக்குப் போயிருக்கேன்" என்பார். அது அவர் கடை கடையாக ஏறி இறங்குகிற ரூட். ரேஷன் கடையிலிருந்து பேசுகிற அம்மா, "லைன்ல நிக்கிறேன், லைன்லயே இரு" என்பார். அதில் முதல் லைன் அவருக்கு, இரண்டாவது எனக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது லைன் கிளியர். ரயில்வே ஸ்டேஷனில் பிறந்த வார்த்தை, எங்கெங்கோ வாழ்க்கைப்பட்டுவிட்டது. ஒரு கஸ்டமர் கனெக்‌ஷன் கேட்டுவிட்டு ஆளை வீட்டுக்குள் விடாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஓட்டை போட அவர் மனைவி சம்மதிக்கவில்லையாம். ஒரு நாள் அவரே போன் செய்து, தாழ்ந்த குரலில், "மேடம், அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. லைன் கிளியர். டிரில்லிங் மெஷினோட ஆளை அனுப்புங்க" என்றார்.

எங்கள் லைன்மேன் தினேஷ் அனகாபுத்தூர்ப் பையன். ஒரு தடவை எங்கே இருக்கிறான் என்று கேட்க போன் செய்தேன். டீக்கடையில் நின்றுகொண்டு, கடையே கேட்கிற மாதிரி, "சித்ரா மேடம் வூட்ல லைன் போட்டுகினு கீறேன்கா. அவங்க வூட்டுக்காரர் வர்றதுக்குள்ள முடிச்சிட்றேன்" என்றான். டீ ஆற்றுகிற சத்தம் நின்றுபோனது எனக்கே போனில் தெரிந்தது. இனிமேல் 'கனெக்‌ஷன் குடுக்கறேன்' என்று சொல்லடா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இன்னும் மோசமா கீதேக்கா" என்றான்.

ஷீலாவின் லைன்

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஷீலா என்று ஒரு கஸ்டமர். குழந்தை பிறந்ததும் ஐ.டி. வேலையை விட்ட பெண். குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். நடுவில் விட்ட வருஷங்களைப் பார்த்துவிட்டு எவனும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வீடியோவில் இன்டர்வியூ. பாதி பதிலில் லைன் போய்விட்டது.

போன் செய்து அழுதாள். தினேஷை அனுப்பினேன். அவன் போனான், லைன் வந்தது. அவன் திரும்பினான், லைன் போனது. மறுநாளும் முற்பகல் நேரத்தில் அதே கதை. மோடத்தில் சிவப்பு லைட் எரியும், தினேஷ் தெருமுனை திரும்பும்போது பச்சையாகிவிடும். மோடத்தை மாற்றினோம். கனெக்டரை மாற்றினோம். போஸ்டிலிருந்து பக்கத்து வீட்டு மங்களம் அம்மாவின் மொட்டை மாடி வழியாகத்தான் ஷீலா வீட்டுக்கு எங்கள் வயர் போகிறது. மாடி ஏறி அதையும் பார்த்தான். பவர் மீட்டர் வைத்தால் சிக்னல் அருமையாகக் காட்டியது. "வயர்ல ஒரு தூசி இல்லக்கா. தொடச்சு வச்ச மாதிரி பளபளன்னு கீது" என்றான். அந்த வார்த்தையை அப்போதே பிடித்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

தினேஷுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. "நம்ம கால் வச்ச ராசிக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஓனருக்கு ஷீலாமேல் சந்தேகம். "அந்தப் பொண்ணு சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டுப் பேசுது" என்றார். ஷீலா என்னிடம் சிரிக்காமல் சொன்னாள்: "உங்க ஆளு வந்தா வருது, போனா போயிடுது. பேசாம அவரை எங்க வீட்லயே விட்டுடுங்க மேடம்."

அந்தக் கம்பெனி இன்னொரு சான்ஸ் கொடுத்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணி. இதுவும் அறுந்தால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மெயிலிலேயே எழுதிவிட்டார்கள். மொபைலில் பேசலாம் என்றால் அவள் வீட்டுக்குள் டவர் நிற்காது. முதல் இன்டர்வியூ அறுந்ததும் அதையும் முயன்று பார்த்ததில் அவள் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்துபோய், எதிரில் இருந்தவர் கொட்டாவி என்று நினைத்துக்கொண்டாராம்.

ஓனர், ஷீலா சொன்னதையே திட்டமாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை தினேஷ் அவள் வீட்டிலேயே உட்கார வேண்டியது. ஆனால் பத்து மணிக்கு இரும்புலியூரில் ஒரு லாரி மெயின் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தினேஷ் அங்கே ஓடினான். ஓனர் என்னைப் பார்த்து, "நீ போய் உக்காரும்மா" என்றார்.

"நான் போனா லைன் வருமா சார்?"

"தெரியல. யாராவது ஒருத்தர் போனாத்தான் ஆறுதலா இருக்கும்."

மொட்டை மாடி

நான் போகும்போது ஷீலா இஸ்திரி போட்ட சட்டையும் கீழே நைட் பேன்ட்டுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மோடத்தில் சிவப்பு லைட். என்னைப் பார்த்தும் அது பச்சையாகவில்லை. எனக்கு ராசி இல்லை என்று தெரிந்துபோனது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

மங்களம் அம்மா வாசலில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆபீஸ்காரி என்று சொல்லி, மாடியை ஒரு தடவை பார்க்கலாமா என்றேன். "போயேம்மா, தொறந்துதான் இருக்கு" என்றார்.

ஏறிப் பார்த்தால், எங்கள் வயரே கண்ணில் படவில்லை. ஒரு போர்வை, இரண்டு பெட்ஷீட், பேரனின் ஜீன்ஸ், நைட்டி, உள்பாவாடை, இன்னும் சொல்லக்கூடாத சில்லறைகள் எல்லாம் சொட்டச் சொட்ட வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். அத்தனையும் எங்கள் ஃபைபர்மேல். கனம் தாங்காமல் வயர் வில்லாக வளைந்து, தண்ணீர்க் குழாய் முனையில் மடங்கி நின்றது. ஃபைபருக்குள் போவது வெளிச்சம். கழுத்தை மடக்கினால் அது அங்கேயே நின்றுவிடும்.

மேலிருந்து கூப்பிட்டேன். மங்களம் அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் வீட்டுக் கொடி போன மழையில் அறுந்ததாம். இந்தக் கறுப்பு வயர் கெட்டியாக, கையெட்டுகிற உயரத்தில் சும்மா இருந்ததாம்.

"தினேஷ் வந்தப்ப இதெல்லாம் இல்லையேம்மா" என்றேன்.

"எப்படி இருக்கும்? அந்தப் புள்ள மரியாதையா எனக்குப் போன் பண்ணிட்டுத்தான் வரும். வயசுப் பையன் மாடிக்கு வரான்னா உள்பாவாடையெல்லாம் தொங்க விட்டுட்டா நிப்பாங்க? ஓடிவந்து எல்லாத்தையும் எடுத்து, வயரையும் ஒரு தொடை தொடச்சிடுவேன். போனதும் மறுபடி போட்டுக்குவேன்." என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னிக்கு நீதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது. "ஐயையோ, அந்தப் பொண்ணு வேலை என் போர்வையிலயா தொங்குது?" என்று கேட்டுக்கொண்டே கிளிப்பைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் பிடுங்கினேன். தரையெல்லாம் அழுக்கு, வைக்க இடமில்லை. ஆளுக்குப் பாதி தோளில் போட்டுக்கொண்டோம். வயரை நிமிர்த்திக் குழாயிலிருந்து விடுவித்தேன். கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே ஷீலாவின் ஜன்னலைப் பார்த்தோம். உள்ளே அவள் நிமிர்ந்து உட்கார்வது தெரிந்தது. பிறகு தலையாட்டினாள், சிரித்தாள், கையை ஆட்டி என்னவோ விளக்கினாள்.

இன்டர்வியூ முடிகிற வரை நாங்கள் இருவரும் ஈரத்துணியோடு அப்படியே நின்றோம். கீழே இறங்கினால் எங்கே லைன் போய்விடுமோ என்று ஒரு பயம். போர்வை என் முதுகில் சொட்டிக்கொண்டே இருந்தது. மங்களம் அம்மா நடுவில் ஒரே ஒரு தடவை, "தும்மல் வருது, தும்மலாமா?" என்று கிசுகிசுத்தார்.

ஷீலாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சாக்லேட்டை முதலில் மங்களம் அம்மாவுக்குத்தான் கொடுத்தாள். ஓனர் தன் செலவில் நைலான் கயிறு வாங்கிக் கொடுத்து, தினேஷை விட்டு மாடியில் தனிக் கொடி கட்ட வைத்தார். ராசி போன வருத்தத்தில் தினேஷ் அதைப் போஸ்ட் கேபிள் மாதிரி இழுத்துக் கட்டினான்.

சில மாதம் கழித்து மங்களம் அம்மாவிடமிருந்து போன். "உங்க ஆளு போட்ட லைன் தொங்குதும்மா, பெட்ஷீட் தரையத் தொடுது." கம்ப்ளெயின்ட்டாகவே பதிந்து தினேஷை அனுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"நல்லா டைட்டாத்தான்கா கீது. ஒண்ணும் தொங்கல."

"துணி இருக்காடா அதுல?"

"இல்லக்கா. நான் போன் பண்ணிட்டுத்தானே வந்தேன்."

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளே. கம்ப்ளெயின்ட் பார்க்க நீங்களே போக நேர்ந்தால் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏணி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போனால் வீட்டை ஒழுங்கு செய்து வைத்துத்தான் காட்டுவார்கள். நாம் பார்க்கப் போன கோளாறும் அதோடு சேர்ந்து பக்கெட்டுக்குள் போய்விடும். மாடிப்படியில் இரண்டு தரம் இருமினால் போதும். அதுவே மரியாதைதான்.