முடி வளர ஒரு மந்திரம்

எண்பதுகளின் கடைசியில் அஸ்தினாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை. ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், சாக்கு விரித்து விற்ற பழைய புத்தகங்களுக்குள் நான்காவது வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தது. முழுக்க மந்திரங்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் ஆசையாக வாங்கிவந்தேன்.

கீழே இருந்த வீட்டுக்கார அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "சூனியம் வைக்கிறவங்க படிக்கிறதும்மா அது. வூட்ல வெச்சிக்கினு இருக்காத."

எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் புரட்டினால், எதிரியை ஒழிக்கும் மந்திரங்களுக்கு நடுவே இருமலுக்கு ஒன்று, வயிற்றுப் பூச்சிக்கு ஒன்று, கட்டிய வீடு நிலைத்து நிற்க ஒன்று. முடி வளரவும் ஒன்று இருந்தது.

அக்கா அப்போதுதான் டைபாய்டில் படுத்து எழுந்திருந்தார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. முந்தானையைத் தலையிலிருந்து எடுப்பதே இல்லை, கோயிலுக்கும் போவதில்லை.

புத்தகத்தோடு கீழே போனேன். "முடிக்குக்கூட ஒண்ணு இருக்குக்கா. படிக்கட்டுமா?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்ணிலிருந்து தோண்டிய ஒரு மூலிகையிடம், இருக்கிற முடியைக் காப்பாற்று, இல்லாத இடத்தில் முளைக்க வை என்று கெஞ்சும் மந்திரம் அது. படித்து முடித்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் காலத்துலயும் பொம்பளைங்க இதுக்கு அழுதுகினு இருந்தாங்களா?"

"இருந்திருப்பாங்க போலக்கா."

"இன்னா செடி அது?"

புத்தகத்தில் இருந்த பெயர் எனக்குப் புரியவில்லை. "சரி வுடு, நம்ம கரிசலாங்கண்ணி இருக்குது" என்றார்.

பக்கத்துக் காலி மனையில் அது நிறைய முளைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பறித்துவந்து எண்ணெயில் காய்ச்சுவார். அவர் தலையில் தேய்க்கத் தேய்க்க நான் தமிழில் படிப்பேன். சில மாதத்தில் முடி தானாக வந்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை நினைவுபடுத்தினேன்.

"அவரு சொன்னா சொல்லட்டும். நீ படி."

பொங்கலுக்குள் விரல் நீளத்துக்கு முடி வந்தது. ஒரு மாலை முந்தானை போடாமல் மாடியேறி வந்து, அரை முழம் கனகாம்பரத்தை என்னிடம் நீட்டினார். வைத்தேன், நிற்காமல் நழுவியது. நான்கு ஹேர்பின் குத்தி நிறுத்தினேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தாம்பரம் மார்க்கெட்டு வரைக்கும் போய்ட்டு வரலாம், வா" என்றார்.