தென்னைமரத்தில் எழுதிய இங்கிலீஷ்

மகளின் பள்ளிக்கூடத்தில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி. மேடையில் ஆசிரியை ஒரு வேர்ச்சொல் தருவார். அதன் முன்னால் வேறு வேறு ஒட்டுகளைச் சேர்த்து அப்பனோ அம்மாவோ மூன்று வார்த்தை சொன்னால்தான், நான்காவதைப் பிள்ளை சொல்லலாம். பெற்றோர் கூட்டத்தில் யார் வருகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டதும் முதலில் கை தூக்கியவன் நான். ஏன் தூக்கினாய் என்று அந்தக் கையைத்தான் கேட்க வேண்டும்.

வீடு வரும்வரை வண்டியின் பின்னால் மகள் பேசவேயில்லை. இறங்கியதும் சொன்னாள்: “எல்லார்த்து முன்னாலயும் என்ற மானத்த வாங்கிப்போடாதீங்கப்பா.”

அன்றிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. தொண்டாமுத்தூரில் எங்கள் தோப்புக்குத் தினமும் தண்ணீர் கட்டப் போவேன். என் மூளை கொஞ்சமாவது ஓடும் இடம் அதுதான். ஆகவே சுண்ணாம்பைக் கரைத்து, தென்னைக்கு ஒரு வேர்ச்சொல்லாக எழுதிவைத்தேன். ஃபார்ம், பிரஸ், போர்ட். மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டு, ரீஃபார்ம், இன்ஃபார்ம், டிஃபார்ம் என்று ஒப்பித்த பிறகுதான் அடுத்த மரம்.

எங்கள் பக்கம் மரத்தில் சுண்ணாம்புக் குறி இருந்தால், அது வெட்டுக்கு விலைபேசி முடிந்த மரம். எனக்கும் தெரியும், பயத்தில் மறந்துபோனேன். மூன்றாம் நாள் மனைவியின் அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“ஏனுங் மாப்பிள்ளை, காய்க்கிற மரத்தப் போயி வித்துப்போட்டீங்களே. அப்படி என்னங்க கஷ்டம்?”

படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போட்டியன்று எங்களுக்கு விழுந்தது ‘போர்ட்’. மண்டையில் ஒன்றுமில்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். போர்ட் எந்த மரம்? மூன்றாம் வரிசையின் கடைசி, யானை முதுகு தேய்த்துவிட்டுப் போன மரம். கண்ணை மூடிக்கொண்டு மேடையிலேயே அதை நோக்கி நடந்தேன். வாய்க்கால் வரவேண்டிய இடத்தில் காலைத் தூக்கித் தாண்டினேன். குனிந்து மடை திருப்பினேன். இம்போர்ட். எக்ஸ்போர்ட். கூட்டம் சிரித்தது. இன்னொரு மடை. டிரான்ஸ்போர்ட்.

கண்ணைத் திறந்தபோது மகள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். இல்லாத வாய்க்காலை அவளும் ஒரு தாண்டு தாண்டி, ரிப்போர்ட் என்றாள்.

திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து ஒரே பேச்சு.

“ஏனுங்கப்பா, நம்ம வாய்க்கா அத்தன அகலமில்லீங்களே?”