ஒருவரும் வராத கல்யாணத்தின் சோறு

ஆறுமுகசாமியைத் திருடன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். சொன்னால் சண்டை போடலாம். முதுகுக்குப் பின்னால் குசுகுசுத்தால் மனிதன் என்ன செய்வான்?

திருவனந்தபுரம் பழவங்காடிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வெகுகாலமாகக் கல்யாணச் சமையல் அவர்தான். நூறு பேருக்குப் பதினைந்து கிலோ அரிசி என்பது அவர் வேதம். இருநூறு என்றால் முப்பது, ஐம்பது என்றால் ஏழரை. அநேகமாக எல்லாமே நூறு பேர் கல்யாணம், எல்லாரும் வயிறு நிறைந்து போனார்கள். பிறகு அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. கல்யாணங்கள் நாற்பது, ஐம்பது பேராகச் சுருங்கின. அவர் கணக்கு மாறவில்லை, ஆனால் கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை. அரிசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட காலம் அது. ஆறுமுகசாமி மடியில் கட்டிக்கொண்டு போகிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவருக்கே தன் மடிமேல் சந்தேகம் வந்து இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் டியூட்டோரியல் காலேஜ் கணக்கு வாத்தியார் கோமதிநாயகம் தன் மகள் உலகம்மாள் கல்யாணத்துக்கு அவரை அமர்த்தினார். விருந்தினர் ஐம்பது பேர், எல்லாரும் நாகர்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ஏழரைக் கிலோவைத் தன் கையாலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டு, தம்பானூர்க் கல்யாண மண்டபத்துச் சமையலறை வாசலில் வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறியதைக்கூட எட்டித்தான் பார்த்தார்.

அன்று பெய்த மழையில் வழியில் ரோடு மூழ்கியது. பஸ் வந்துவிடும் என்று நம்பி ஆறுமுகசாமி முதலில் ஐந்து கிலோ வடித்தார், மிச்சத்தை ஆள் வந்து இறங்கியதும் போடலாம் என்று. பஸ் வரவே இல்லை. ஐம்பது பேரில் ஒருவர்கூட வரவில்லை. மத்தியானம் வாத்தியார் இலை போட்டு உட்கார்ந்தபோது அண்டாவில் ஒரு பருக்கை கிடையாது.

வாத்தியாருக்குக் கோபம் தலைக்கேறியது. "வேய், வந்தது ஒருத்தரும் இல்ல. அஞ்சு கிலோ எங்க போச்சு?"

ஆறுமுகசாமி வேட்டி மடியை உதறிக் காட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "சாரே, நீங்கதானே வாசல்ல இருந்தீங்க. எந்த வழியாக்கும் கொண்டு போவேன்?"

நியாயமான கேள்வி. வாத்தியார் யோசித்தார். பெண் வீட்டாரும், முந்தின நாளே வந்த மாப்பிள்ளை வீட்டாரும் சாப்பிட்டார்கள். மேளக்காரர்கள் இரண்டு தரம் சாப்பிட்டார்கள். பந்தல்காரர், போட்டோக்காரர், டாக்சி டிரைவர், காவல்காரர், பாத்திரம் தேய்க்கிறவர்கள். வர முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அவள் ஆறு பேரப்பிள்ளைகளுக்கும் அடுக்குப்பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பியது வாத்தியாரேதான். மிச்சம் அண்டாவில் அடிப்பிடித்து, சுரண்டிக் கொட்டியாயிற்று.

வாத்தியார் சட்டென்று சிரித்தார். கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சமையலறைச் சுவரில் தரையோடு ஒரு கோடும் நிமிர்ந்து ஒரு கோடும் போட்டார். படுத்த கோடு விருந்தாளிகள், நின்ற கோடு அரிசி. ஆறுமுகசாமியின் கணக்குக் கோடு அவை இரண்டும் சேரும் மூலையிலிருந்து கிளம்பியது. ஆளே இல்லை என்றால் அரிசியும் இல்லை என்பது அதற்கு அர்த்தம். உண்மைக் கோடோ ஐந்து கிலோ உயரத்தில் கிளம்பி, பதினைந்தில் மிச்சம் பத்து நூறு பேருக்கு என்று, ஆளுக்கு நூறு கிராம் மட்டும் ஏறியது. இரண்டும் நூறு பேரில் முட்டிக்கொண்டன. அதனால்தான் அத்தனை காலம் தப்பு தெரியவில்லை. ஐம்பது பேருக்கு வேண்டியது பத்து கிலோ, அவர் போட்டது ஏழரை.

சம்பந்தி வீட்டாரையும் கூப்பிட்டு, சுவரைக் காட்டி வாத்தியார் சத்தமாகச் சொன்னார். "இவரு எடுக்கல்ல. யாரும் வரல்லைன்னாலும் கல்யாணம் அஞ்சு கிலோ திங்கும். நாமதான் அத எண்ணாம விட்டுட்டோம்."

ஆறுமுகசாமிக்குக் கோடு பாதிதான் புரிந்தது. 'எடுக்கல்ல' என்பது முழுசாகப் புரிந்தது. கழுவிக் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி அழுதார்.

வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். "நீரு சாப்பிட்டேரா?" என்று கேட்டுவைத்தார்.

"இல்ல சாரே. கள்ளன்னு பேரு வந்த பொறவு கல்யாணச் சோத்தத் தொடுகதில்ல. வீட்டுல போயி மரச்சீனிக் கிழங்கு திம்பேன்."

வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பினார். மேல்துண்டால் உண்மைக் கோட்டை அழித்துவிட்டு, ஆறுமுகசாமியின் இலைக்கும் சேர்த்து, ஐந்து கிலோவுக்கு ஒரு விரல் மேலேயிருந்து புதிதாக வரைந்தார்.