கனகாலம் உழைக்கும் துப்பாக்கி

கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த மன்னார் அண்ணை சனிக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போவார். அவரோடு போய்ப் பழகியதில் எனக்கும் சொந்தமாக ஏஆர் என்கிற ரக நீளத் துப்பாக்கி ஒன்று வாங்க ஆசை வந்தது. மனைவி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒண்டுதான். போன் மாத்துற மாதிரி வருசத்துக்கு ஒண்டு கேக்கப்படாது.”

ஆகவே சாகும்வரை உழைக்கிற ஒன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணையையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான லொங்குய்யிலுள்ள துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு கம்பனிகளின் துப்பாக்கிகளை அருகருகே வைத்தார். ஒன்று இலேசு, நல்ல வடிவு. மற்றது பாரம், குழலின் உட்புறம் குரோம் பூசியது. என் கண் வடிவானதில்தான் நின்றது.

“அண்ணை, எங்கட பழைய ஜப்பான் கார் மாதிரி எது உழைக்கும்?”

“பாரமானதை எடும். குழல் லேசில தேயாது. வடிவுக்குத்தான் நீர் இருக்கிறீரே!”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம். பாரமானதையே வாங்கினேன். அந்தக் கோடை முழுக்கச் சுட்டோம். என் குண்டுகள் எங்கே போயின என்று தேடுவதுதான் அண்ணையின் பொழுதுபோக்கு. அந்தச் சனிக்கிழமைச் சிரிப்புக்காக இப்போதும் மனம் ஏங்குகிறது.

பிறகு சட்டம் மாறி, அந்த வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. என்னுடையது இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. குழல் தேயவேயில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்குகளில் நான் முழுதாகக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.