கணீரும் டொக்கும்

படகுப் பட்டறையில் அவளுக்குக் கிடைத்தது பெருக்குகிற வேலைதான். அப்போது இருபத்தாறு வயது. அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவள், அண்ணியின் முகம் சுண்டுவதற்கு முன்னால் நாமே ஒரு வழி தேடிக்கொள்வோம் என்று கிளம்பி வந்தவள். மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெருக்குறதோட கொஞ்சம் கரி வேலையும் இருக்கும்மா. மூஞ்சி சுளிக்கக் கூடாது" என்றார்.

கரி வேலை என்று அவர் சொன்னது படகு இன்ஜினின் புகைக்குழாயைச் சுத்தம் செய்வதை. இன்ஜினிலிருந்து வரும் புகை, மடக்கிய முழங்கை மாதிரி ஒரு இரும்புக் குழாய்க்குள் திரும்பும். பட்டறையில் அதை எல்போ என்பார்கள். சூட்டைத் தணிக்க அங்கேதான் கடல் தண்ணீர் புகையோடு வந்து கலக்கும். உப்புத் தண்ணீரும் கொதிக்கிற புகையும் சேர்ந்தால் இரும்புக்கு அதைவிடப் பெரிய சனியன் கிடையாது. உப்பும் கரியும் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ள, அதன் அடியில் துரு சத்தம் போடாமல் தின்றுகொண்டே போகும். ஆளாளுக்குத் தட்டிக்கழித்த அந்த வேலை அவள் தலையில் வந்து விழுந்தது.

அவளுக்கோ அது பிடித்துப்போயிற்று. எல்போவைக் கழற்றி, மொட்டை உளியால் கட்டிகளைப் பெயர்த்து, தண்ணீர் கலந்த வினிகர்த் தொட்டியில் ஊறப்போடுவாள். நுரை பொங்கி அடங்கியதும் எடுத்து, புளிப்பு போகச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவாள். வெயிலில் காயவைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பாள். கடைசியாகச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவாள். 'கணீர்' என்றால் சுவர் கெட்டி. 'டொக்' என்றால் உள்ளே அரித்துப்போயிற்று. சின்ன வயதில் பானை வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா அவளைத்தான் கூட்டிப்போவாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் அவள் காதுக்குத் தெரியும். கெட்டியான எல்போவுக்குத்தான் சூடு தாங்கும் பெயின்ட் அடிப்பாள், கசிவைத் தடுக்கப் புது கேஸ்கட் வைத்து முடுக்குவாள்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆளேற்றிப் போகிற பெரிய படகின் டிரைவர் அடிக்கடி பட்டறைக்கு வருவார். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவர். பதினைந்து வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் காது முக்கால்வாசி போய்விட்டது. அதனால் 'தண்ணி இருக்கா?' என்று கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அவள் எல்லாரையும் போல அவரையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள்.

அந்தப் படகு வருஷாந்தரப் பழுதுபார்ப்பு முடிந்து தண்ணீரில் இறங்கிய நாள் அது. இன்ஜின் முழுக்கப் புதுப் பெயின்ட், பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முதல் நடைக்கு நாற்பது பேர் ஏறிவிட்டார்கள். விட்டுப்போன கரித் துணியை எடுக்கப் படகுக்குள் போனவள், போகிற போக்கில் எல்போவைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக்.

இந்த எல்போ அவள் கைக்கு வரவே இல்லையே! ஓடிப்போய் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"நேரமில்லம்மா, வெளியிலேயே சுரண்டிப் பெயின்ட் அடிச்சாச்சு. அடுத்த மாசம் கழட்டிக்கலாம். அதுக்குள்ள குடி ஒண்ணும் முழுகிப் போயிடாது."

"குடி முழுகாது மேஸ்திரி. படகு முழுகினா?"

"பெருக்க வந்தவ பெருக்குற வேலையப் பாரு."

அவள் படகுக்குத் திரும்பினாள். நேராகப் போய் இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் திகைத்துப்போய், "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கத்தினார். அவள் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுபடியும் தட்டிக் காட்டினாள். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

சட்டென்று அவர் கையைப் பிடித்து, இன்ஜினில் கெட்டியாக இருந்த ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தட்டினாள். இரும்பு அதிர்ந்தது. அதே கையை எல்போ மேல் வைத்துத் தட்டினாள். ஈர மண்ணைத் தட்டின மாதிரி அடங்கிப்போனது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாரும் இறங்குங்க, படகு போகாது!" என்றார்.

நான்கு போல்ட்டைக் கழற்றினார்கள். மேஸ்திரி அவளைப் பொய்யாக்கவென்றே ஸ்க்ரூடிரைவரால் ஓங்கிக் குத்தினார். நனைந்த அட்டையில் போகிற மாதிரி அது மறுபக்கம் போய் நின்றது. நடு நீரில் இன்ஜினை நிறுத்தியிருந்தால், அந்த ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கும். மறுபடி இன்ஜின் கிளம்பியிருக்காது, நீரோட்டம் இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். மேஸ்திரி அதற்கப்புறம் இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவள் தட்டிப் பார்க்காமல் ஒரு இன்ஜினையும் வெளியே விடவும் இல்லை. 'டொக்கக்கா' என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

ஒரு மாதம் கழித்து டிரைவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவர் நினைப்பு.

"இனிமே என்னை அண்ணேன்னு கூப்பிடாதீங்க!"

கடைசல் இயந்திரம்கூட நின்றுபோனது. ஏணி மேல் இருந்த பெயின்டர், "பின்ன எப்படிய்யா கூப்பிடணும்?" என்று கேட்க, பட்டறையே கொல்லென்று சிரித்தது. அவள் முகம் அந்தக் கரியையும் மீறிச் சிவந்தது. அடுத்த மாதம் கல்யாணம்.

இப்போது அவளுக்கு அறுபதை நெருங்குகிறது. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். நான்கு மணியானால் அவளுக்கு மனசு எங்கோ போய்விடும். பட்டறையில் அந்த நேரத்துக்குத்தான் படகுகள் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் ஹோஸ் மாட்டி, நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் இன்ஜினை உறுமவிடுவார்கள். அந்தச் சட்டம் அவள் போட்டது. "நாள் முழுக்க உப்பைக் குடிச்ச வாய். கொப்புளிச்சுட்டுத்தான் தூங்கணும்" என்று டிரைவர்களை விரட்டுவாள். பின்பக்கக் குழாயில் ஆவியும் தண்ணீருமாகக் கொட்டும். பெயின்டர் அதில் கால் கழுவிக்கொள்வார். யாராவது டீ சொல்வார்கள். அதெல்லாம் ஒரு காலம்.

அவள் கணவருக்குக் காது முழுசாகப் போய்விட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், தூக்கம் வருவதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மகள் தலையணையை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை.

போன வாரம் ஒரு மதியம், "சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம் வாங்க" என்று சைகை காட்டி அவரைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். இன்ஜினை ஒட்டிய பெஞ்சில் இடம் கிடைத்தது. படகு கிளம்பி, பலகை கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்ததும் அவர் தலை மெல்ல அவள் தோளில் சாய்ந்தது. அக்கரை வருவதற்குள் குறட்டை. பக்கத்திலிருந்த சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

படகு கரை தொட்டது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. திரும்ப இக்கரை வந்தது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது நடையில் டிக்கெட் கொடுப்பவர் குனிந்து, "அம்மா, நீங்க எங்கதான் இறங்கணும்?" என்று கேட்டார்.

"இவர் முழிக்கிற இடத்துல" என்றாள் அவள்.