ரோவீனா தோற்ற பேரம்

ரோவீனாவுக்கு வாய் நீளம். கெண்டக்கி மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் இருபது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் பாதிரியார் உட்பட யாரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை குரலைத் தாழ்த்திப் பேசினாள். அதுவே வினையாகப் போயிற்று.

டெல்மர் நிலக்கரி லாரி ஓட்டியவர். வேலை போனதோடு காப்பீடும் போய்விட்டது. இதயத்துக்கு டாக்டர் எழுதின மாத்திரையைத் தினமும் போட வேண்டும். மாதத்துக்கு எண்பத்தாறு டாலர். மனுஷன் ஒரு மாத டப்பியை இரண்டு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? என்றைக்காவது நடுவழியில் சாய்ந்துவிடுவாரே!

அடுத்த தடவை வந்தபோது அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். "டெல்மரண்ணே, காப்பீடு இல்லாதவங்களுக்குத் தள்ளுபடிக் கூப்பன் இருக்கு. நானே போட்டுத் தரேன். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம்! அந்த வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. டெல்மருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது.

"பிச்சை வாங்குற குடும்பம் இல்லம்மா எங்களுது. உன் மருந்தை நீயே வச்சுக்க."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். டப்பி மேஜைமேலேயே கிடந்தது. பாதி மருந்தாவது உள்ளே போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றது. ரோவீனா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தாள். ஒரு பழைய பேனாக்கத்திக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு டாலர் குறைக்க ஒரு மணி நேரம்! விற்கிறவன் அழாத குறை. விலை படிந்ததும் கத்தியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு டெல்மர் சந்தையை ஒரு சுற்று வந்தாரே, அந்த நடையைப் பார்க்கவேண்டும். 'அடி மக்கே, இந்த மனுஷனிடம் போய் இரக்கம் காட்டினாயே' என்று ரோவீனா தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை இருமல் மிட்டாய் வாங்க வந்தார். ஊரில் வேறு மருந்துக்கடை இல்லை. அவர் காதில் விழட்டும் என்றே, வரிசையில் நின்ற பெர்னீஸிடம் ரோவீனா தொண்டை கிழியப் புலம்பினாள்.

"போன்ல தேடி எடுக்குற இந்தத் தள்ளுபடிக் கூப்பன் என் உயிரை எடுக்குது பெர்னீஸ்! நம்பரை நீட்டினாப் போதும், கம்ப்யூட்டர் சொல்ற விலைக்கு நான் குடுத்தே ஆகணும். போதாக்குறைக்குக் கூப்பன் கம்பெனிக்கு என் கையிலருந்து கமிஷன் வேற. நல்லவேளை, நம்ம ஊர்ப் பேரப் புலிங்க வீரமெல்லாம் கத்திக் கடையோட சரி."

டெல்மர் மிட்டாய்க்குக் காசைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போனார்.

மறுநாள் காலை கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து நின்றார், கையில் போனோடு. மகளை உட்காரவைத்து ராத்திரி வரை கூப்பன் தேடியிருக்கிறார்.

"போடும்மா இந்த நம்பரை."

அறுபத்திரண்டு டாலர் என்றது கம்ப்யூட்டர். "ஐயோ!" என்றாள் ரோவீனா.

"இப்ப இதைப் போடு."

நாற்பது. "அடப்பாவி மனுஷா, நான் பிழைக்க வேணாமா?"

"அழாத. இன்னும் ஒண்ணு இருக்கு."

பத்தொன்பது! வரிசையே கைதட்டியது. பெர்னீஸ் விசிலடித்தாள்.

"என் கடையை இழுத்து மூடாம ஓயமாட்டீங்க போல" என்று சொல்லும்போது ரோவீனாவின் குரல் நடுங்கியது. நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோஷத்தில் வந்த நடுக்கம். கமிஷன் போக அந்த டப்பியில் அவளுக்கு ஒரு காசு மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் போகிறது!

டெல்மர் டப்பியைப் பிடுங்கித் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். தண்ணீர்கூட இல்லாமல் அங்கேயே விழுங்கினார்.

"மாசாமாசம் வருவேன். தினமும் ஒண்ணு போட்டு முடிச்சுட்டு வருவேன். என்ன பண்ணுவே?"

"வாங்களேன், பாத்துக்கறேன்!" என்று கறுவினாள் ரோவீனா.