வேன் கூரையில் எங்கள் கடை அண்டா

சினிமாவில் நடப்பவர்களுக்காக நடப்பது என் வேலை. கதாநாயகன் சரளைக்கல்லில் ஓடினால், வடபழனி ஸ்டுடியோவில் ஜல்லியைக் கொட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் நான் ஓடிச் சத்தம் கொடுப்பேன். கதவு, வளையல், டீ கிளாஸ் எல்லாமே நான்தான். இதற்கு ஃபோலி என்று பேர். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க ஆறு வருஷமாக முயன்று தோற்றிருந்தேன்.

"ஏட்டி, நடக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகியும் திருநெல்வேலி அவர் நாக்கை விட்டு இறங்கவில்லை. "போதும். அடுத்த மாசம் கடைக்கு வந்து உக்காரு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஒரே ஒரு படம் பாருங்க. அப்பவும் இது வேலை இல்லைன்னு தோணுச்சுன்னா வந்துடறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

வியாபாரம் மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை, மேட்னிக்குப் போனோம். நான் சத்தம் கொடுத்த திகில் படம். மலைக்காட்டுச் சாலையில் வேன் நின்றுபோய் ஆறு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. பாதிப் படம் யாரும் வாய் திறப்பதில்லை, வெறும் சத்தம்தான். அதனால்தான் இந்தப் படத்துக்கு அவரை அழைத்துப் போனேன்.

வேனுக்குள் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூரைமேல் ஏதோ ஏறுகிறது. டொம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டொம். பக்கத்து சீட்டுப் பெண் பாப்கார்னைக் கொட்டிவிட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி! அது நம்ம கடை அண்டால்லா?"

கடையிலிருந்து குடோனுக்குக் கூப்பிடும் அதே குரல். தியேட்டரே கொல்லென்று சிரித்தது. முன் வரிசையிலிருந்து ஒருவர், "இன்னா நைனா, பேயி உங்க கடைலதான் பாத்திரம் வாங்குச்சா?" என்றார்.

எங்கள் கடையில் எந்தப் பாத்திரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காட்டாமல் விற்பதில்லை. வாங்குகிறவர் கேட்கிறாரோ இல்லையோ, அப்பா காது கொடுத்துக் கேட்பார். அதை மறந்துவிட்டுத்தான், தோழி வீட்டு விசேஷத்துக்கு என்று பொய் சொல்லி அந்த அண்டாவை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போயிருந்தேன். நசுங்கித் திரும்பியபோது பழியைச் சமையல்காரர்மேல் போட்டேன்.

இடைவேளையில் பிடித்துக்கொண்டார். "ஏறிக் குதிச்சியா?"

"கவுத்துப் போட்டு, கால்ல துணி சுத்திக்கிட்டு மிதிச்சேன்பா."

"அதான் சத்தம் அமுங்குது" என்றார். பிறகு பின் வரிசைக்குத் திரும்பி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம், "அந்தப் பேயோட காலு எம்மவ காலு" என்றார். இரண்டாம் பாதியில் கூரை அதிர்ந்தபோதெல்லாம் எங்கள் வரிசை முழுக்க அப்பாவைத்தான் பார்த்தது. அவரும் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து வெளியே வந்தோம். அண்ணா சாலை வெயிலில் கண் கூசியது. அவர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை; பேச்சென்றால் பேச்சுதானே. "கடைக்கு எப்பப்பா வரணும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு, அடுத்த பாத்திரம் எடுக்கவா?" என்றார். "புதுச் சரக்கு வியாழக்கிழமை இறங்குது. வந்து தட்டிப் பாத்து எடுத்துக்கோ."